பேரும் பணமும் வராது என்று தெரிந்தே எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

கொளத்தூர்_மாடி (கேள்வி கேட்டவர்)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 37. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கொளத்தூரில் வாடகை வீடு, 9,000 ரூபாய். கூட அம்மா இருக்கிறார். கடன் இல்லை. வங்கியில் நாலரை லட்சம். மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் என்று மாதம் பத்தாயிரமும் வரும், ஐம்பதாயிரமும் வரும். எந்த மாதம் எது என்று சொல்ல முடியாது. இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது, ஒவ்வொன்றும் 300 பிரதி. மூன்றாவது தயாராக இருக்கிறது.

பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசை விட்டுப்போய்விட்டது, நிஜமாகவே. ஆனாலும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. காசு வராத மாதத்தில் கவலையில் எழுத்து ஓடுவதில்லை. காசு வருகிற மாதத்தில் எழுத நேரமில்லை. ஜனவரியில் புத்தகக் கண்காட்சி வந்தால் மனசு புளித்துப்போகிறது. தத்துவம் வேண்டாம், அது என்னிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஏற்பாடு சொல்லுங்கள். பணத்தை எப்படி ஒழுங்குபண்ணுவது, மூன்றாவது புத்தகத்தைப் பதிப்பகத்துக்குக் கொடுப்பதா சொந்தமாகப் போடுவதா, இந்தப் புளிப்பை என்ன செய்வது?

பேரேடு

போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்துதான், ஆனால் வீட்டுக்காரரிடம் அந்த மருந்து செல்லுபடியாகாது. அதனால் முதலில் "போதும்" என்பதை ரூபாயில் எழுதுங்கள். நீங்கள் சொன்னதை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், எண்களை உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகை 9,000. மளிகை, பால், காய்கறி 8,000 (ரேஷன் அரிசி வாங்கிச் சமைக்கிறவர்களுக்கு இதில் நல்ல குறைவு வரும்). சிலிண்டர் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று என்றால் மாதம் 600. கரண்ட் 500. நெட், இரண்டு போன் 1,200. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணிக்கும் மாதப் பாஸ் 1,000. அம்மாவுக்கு மருந்து 2,000. ஆக 22,300. இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு தனி: மருத்துவக் காப்பீடு 36,000, தீபாவளி, பொங்கல், மொய் 18,000, மடிக்கணினி ஒருநாள் படுத்துவிடும் என்பதற்காக 12,000. மொத்தம் 66,000, பன்னிரண்டால் வகுத்தால் 5,500. கூட்டினால் 27,800. 28,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் "போதும்" இதுதான்.

கரண்ட் பற்றி ஒரு இடைச்செருகல். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது மின்வாரிய இணைப்பு உங்கள் வீட்டுக்குத் தனியாக இருந்தால்தான். வீட்டுக்காரர் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வாங்கினால் அந்த இலவசம் உங்கள் கைக்கு வராது. வீடு மாற்றும்போது வாடகையோடு இதையும் கேளுங்கள்.

இப்போது ஏற்பாடு. இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். வருகிற பணம் எல்லாம் முதல் கணக்கில் விழட்டும். அதற்கு ஏடிஎம் கார்டும் யுபிஐயும் வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி அதிலிருந்து 28,000 இரண்டாவது கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு நீங்களே போடும் சம்பளம். ஐம்பதாயிரம் வந்த மாதமும் அதே 28,000, பத்தாயிரம் வந்த மாதமும் அதே 28,000. சேமிப்பிலிருந்து ஆறு மாதச் சம்பளத்தை, அதாவது 1,68,000-ஐ, முதல் கணக்கில் கொட்டித் தொடங்குங்கள். மீதி 2,82,000 வங்கியில் நிலை வைப்புக்கு (எஃப்டி). அதைத் தொட்டுப் புத்தகம் போடாதீர்கள். எழுத்தாளர் வீடுகளில் நடக்கும் சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

28,000-க்கு எத்தனை நாள் விற்க வேண்டும்? சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய் கிடைக்கிறது, ஒரு நாளில் 1,500 சொல் சுத்தமாக முடிக்க முடியும் என்றால் 15 நாளில் 22,500 சொல், 28,125 ரூபாய். மாதத்தின் மற்ற பாதி உங்களுடையது. விலை குறைவாகக் கிடைத்தால் நாள் கூடும், அவ்வளவுதான் சூத்திரம். இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 1,000 சொல் என்றால் தமிழில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும், வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால். எனவே மூலத்தின் சொல் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். மொழிபெயர்ப்பின் எண்ணிக்கைக்கு என்று ஒப்புக்கொண்டால் மாதம் ஏழாயிரம் வரை சத்தமில்லாமல் போகும்.

வராத பணம் அடுத்த தொல்லை. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. அதே மாதிரி தோற்றத்தில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு, முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள். 2006-ம் வருடத்துக் குறு, சிறு தொழில் சட்டப்படி பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை, தெரியும். பில்லின் அடியில் பதிவு எண்ணை அச்சிட்டாலே கணக்குப் பிரிவில் உங்கள் தாள் மேலே வரும்.

பெரிய நிறுவனங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிட்டுத்தான் கொடுக்கும். உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்பதால் அது முழுக்கத் திரும்பி வரவேண்டிய காசு. ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால் வராது. தாக்கல் செய்யும் முன் 26ஏஎஸ் படிவத்தை இறக்கி, பிடித்தவர்கள் உங்கள் பான் எண்ணில்தான் கட்டினார்களா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

அம்மாவுக்குக் காப்பீடு இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம். நோயை மறைத்து விண்ணப்பித்தால் பணம் கட்டியும் ஒன்றும் கிடைக்காது.

பத்துஃபாரம்

புத்தகத்துக்கு நான் வருகிறேன். டெமி அளவு, 160 பக்கம், விலை 200 என்று எடுத்துக்கொள்வோம். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆக 10 ஃபாரம்.

பதிப்பகம் வழியாக: ராயல்டி 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 300-ம் விற்றால் 6,000.

சொந்தமாக: தேவைக்கேற்ப அச்சில் 100 பிரதி, ஒன்று 95 ரூபாய் என்று கொண்டால் 9,500. பக்க வடிவமைப்பும் அட்டையும் 6,000. ஆக முதலீடு 15,500. ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு மத்திய அரசின் தளத்தில் விண்ணப்பித்தால் இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். 60 பிரதி நேரடியாக 200-க்கு (தபால் செலவு வாங்குபவருடையது) 12,000. 40 பிரதி கடைக்கு 35 சதவீதக் கழிவில் 130 வீதம் 5,200. வரவு 17,200. கையில் நிற்பது 1,700. இரண்டாவது 100 பிரதி அடித்தால் வடிவமைப்புச் செலவு கிடையாது, அப்போது 7,700 நிற்கும். ஆனால் இரண்டாவது நூறு விற்குமா என்பதை முதல் நூறு போகும் வேகம்தான் சொல்லும், அதனால் ஆரம்பத்திலேயே 500 அடிக்காதீர்கள். பிரதிக்கு இருபது ரூபாய் மிச்சம் என்று 500 அடித்து, கட்டில் அடியில் 380 புத்தகத்தோடு மூன்று வருடம் தூங்குவது என்ன மிச்சம்?

இரண்டு வழியிலும் காசு இல்லை. அதனால் காசை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடைக்கும் கண்காட்சிக்கும் பெட்டி தூக்க உடம்பும் பொறுமையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் பதிப்பகம்.

பதிப்பகம் என்றால் தாளில் ஒப்பந்தம் வேண்டும். "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பர்" என்பார்கள். நமக்குள் என்பதால்தான் பேப்பர். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19: உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். சிக்கல் எங்கே வரும் என்றால், "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று ஒரு வரி நடுவில் இருக்கும். அந்தக் காலம் உங்கள் ஆயுள், அதற்கு மேல் 60 வருடம். அந்த வரியை அடித்துவிட்டு "ஐந்து ஆண்டுகள்" என்று எழுதி இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். அச்சு உரிமை மட்டும் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் உங்களிடமே. ஆறு மாதம் தொடர்ந்து புத்தகம் கடையில் கிடைக்காவிட்டால் உரிமை திரும்பும் என்று ஒரு விதி. மார்ச் முடிவில் விற்பனைக் கணக்கு என்று ஒரு விதி. ராயல்டி சதவீதத்துக்காகச் சண்டை போடுவதைவிட இந்த இரண்டுக்காகப் போடுங்கள்.

மின்னூலை கிண்டிலில் போட்டால் கேடிபி செலக்ட் என்று ஒரு பெட்டி வரும், யோசிக்காமல் டிக் அடித்துவிடுவார்கள். அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் வலைப்பூ உள்பட. பழைய கதைகளை வலைப்பூவிலிருந்து எடுத்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

சொந்தமாகப் போட்டால் அச்சகத்தில் பார்க்க வேண்டியவை. பக்க எண்ணிக்கை 16-ஆல், குறைந்தது 8-ஆல் வகுபட வேண்டும். 163 பக்கம் வந்தால் கடைசியில் வெள்ளைத்தாள் நிற்கும், அதற்கும் காசு உங்களுடையது. மூன்று பக்கத்தைக் குறைக்க எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள், முன்னுரையைக் குறையுங்கள். (பெரும்பாலான முன்னுரைகளுக்கு அது நல்லதுதான்.) தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது, படிப்பவர் இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பிரதி வந்ததும் நடுவில் திறந்து பின்பக்கமாக மடக்குங்கள். முதுகில் பசை "டக்" என்று உடைந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்கள்.

சென்னையில் இன்னொரு விரோதி ஈரம். ஜனவரி கண்காட்சியைக் குறிவைத்து எல்லோரும் டிசம்பரில் அச்சகத்தில் குவிகிறார்கள். அதே நேரம் வடகிழக்குப் பருவமழை. மேட் லேமினேஷன் அட்டையில் வெளிப்பக்கம் பிளாஸ்டிக், உள்பக்கம் வெறும் அட்டை. உள்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், பிளாஸ்டிக் விரியாது, அட்டை வெளிப்புறமாகச் சுருண்டு வாய் பிளக்கும். அவசரத்தில் பசை காயுமுன் கட்டிய புத்தகத்தில் இன்னும் மோசம். கண்காட்சிக்கு வேண்டுமென்றால் அக்டோபர் முதல் வாரத்துக்குள் அச்சை முடியுங்கள், இல்லையென்றால் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். ஜனவரியில் கொட்டும் புத்தகங்களுக்கு நடுவே உங்களுடையது வந்ததே யாருக்கும் தெரியாது, மார்ச்சில் வந்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் வைக்கும்போது தரையில் அடுக்கக்கூடாது. செங்கல், அதன்மேல் பலகை, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளக் கிடங்குகளில் இருந்த புத்தகங்கள் என்ன ஆயின என்று இங்கே பலருக்கும் நினைவிருக்கும்.

கடைசியாக: 1954-ம் வருடத்துச் சட்டப்படி புத்தகம் வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி போய்ச்சேர வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பையில் ஒன்று, டெல்லியில் ஒன்று, நான்காவது நம்முடைய எழும்பூர் கன்னிமரா. நீங்களே பதிப்பாளர் என்றால் பொறுப்பு உங்களுடையது. நூறில் நாலு பிரதி போகிறதே என்று நினைக்காதீர்கள். கன்னிமரா பட்டியலில் ஏறும் ஒரு பிரதி, கடையில் கழிவு கொடுத்து விற்கும் பத்துப் பிரதியைவிட நீண்ட நாள் இருக்கும்.

நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை? விண்ணப்பியுங்கள். வந்தால் வரவு. கணக்கில் மட்டும் முன்கூட்டி எழுதாதீர்கள்.

மெய்ப்பு

பணக் கணக்கும் அச்சுக் கணக்கும் மேலே சரியாகவே வந்துவிட்டன. மூன்றாவது கேள்விக்கு மட்டும்.

புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புத்தகம் எழுதும் நாட்களில் வராது. முடித்துவிட்டு, பிறர் என்ன சொல்வார்கள் என்று காத்திருக்கும் நாட்களில்தான் வரும். ஆகவே முதல் ஏற்பாடு, காத்திருக்கும் நாளே இல்லாமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவது புத்தகம் அச்சுக்குப் போகும் நாளில் நான்காவதில் குறைந்தது முப்பது பக்கம் கையில் இருக்க வேண்டும். இது ஒழுக்கம் பற்றிய அறிவுரை இல்லை, இரண்டு பானை வைத்துக்கொள்வது மாதிரி.

இரண்டாவது, நேரப் பிரிவு. பேரேடு அரை மாதம், அரை மாதம் என்று சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து நாள் எழுதாமல் இருந்தால் கதைக்குள் திரும்பி நுழையவே மூன்று நாள் ஆகிறது. காலை ஐந்தரை முதல் எட்டரை சொந்த எழுத்து, பத்தரைக்கு மேல் கூலி எழுத்து. வரிசையை மாற்றக்கூடாது. மொழிபெயர்ப்பு செய்துவிட்டு உட்கார்ந்தால் அந்த வாக்கிய அமைப்பு காதில் ஒட்டிக்கொண்டு உங்கள் கதையிலும் "என்பது குறிப்பிடத்தக்கது" என்று வந்து நிற்கும். சொல் எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள், நேரத்தை வையுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எங்கே நின்றது என்று ஒரே வரி. "நாளை: அவள் கதவைத் திறக்கவில்லை, ஏன்?" என்று கேள்வியோடு நிறுத்தினால் மறுநாள் தொடங்க எளிது. வருட முடிவில் நீங்கள் திருப்பிப் பார்க்க வேண்டியது அந்த நோட்டை. டிசம்பரில் வரும் "இந்த ஆண்டின் சிறந்த பத்து" பட்டியல்களில் உங்கள் கைக்குள் இருப்பது எதுவுமே இல்லை.

மூன்றாவது, நிறைவு என்பது பொருளில் இருக்க வேண்டும். ஒரு கதையை "இதற்குமேல் என்னால் முடியாது" என்ற இடம்வரை கொண்டுபோனால் அதை யாரும் படிக்காவிட்டாலும் ஓரளவு தாங்கும். பாதியில் விட்டதைப் பாராட்டினால்கூட உள்ளே குடைந்துகொண்டிருக்கும். அதற்கான வேலை இது. முதல் திருத்தம் திரையில். பிறகு இரண்டு வாரம் தொடக்கூடாது. பிறகு தாளில் அச்செடுத்து, இரட்டை வரி இடைவெளி, 14 புள்ளி எழுத்து, அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே சத்தமாகப் படியுங்கள். கோல் எதற்கு என்றால், கண் அடுத்த வரிக்குத் தாவி, தெரிந்த சொல்லைத் தானே நிரப்பிக்கொள்ளும். கோல் அதைத் தடுக்கும். நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும், நிறுத்தித் திருத்த வேண்டாம். இரண்டாம் சுற்றில் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கி, ஒற்றுப் பிழைக்காக மட்டும். கதை ஓடாததால் எழுத்து தெரியும். "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு ப் கூடிப்போனால் ஏழை வீட்டுக் கதைக்குள் யானைத் தந்தம் வந்துவிடும், விட்டுப்போனால் ஜமீன் வீட்டில் இருந்த தந்தம் காணாமல் போகும். கணினியின் பிழைதிருத்தி இரண்டையும் சரி என்றுதான் சொல்லும். 160 பக்கத்துக்கு இந்த இரண்டாம் சுற்று நாளுக்கு 20 பக்கம் என்று எட்டு நாள் எடுக்கும். அதற்கு மேல் வேகம் போனால் பார்த்ததாகக் கணக்கே இல்லை.

நான்காவது, வாசகர்கள். "வாசகர்கள்" என்று பொத்தாம்பொதுவாக நினைத்தால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். படித்துவிட்டு உங்களுக்கு எழுதியவர்களின் பெயரை ஒரு பட்டியலாக வையுங்கள். 300 பிரதிக்குப் பன்னிரண்டு பேர் இருந்தால் நல்ல எண்ணிக்கை. எல்லோருக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுங்கள், அடுத்த புத்தகம் வரும்போது முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போகாமல் இருக்க வேண்டாம், அது பிடிவாதம். வார நாளில், திறந்தவுடன், ஆறு புத்தகப் பெயர் எழுதிய சீட்டோடு போங்கள். வாங்கியதும் வெளியே வந்து ஒரு டீ. உங்கள் புத்தகம் இருக்கும் அரங்கில் நின்று யார் எடுக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். எடுத்து, பின்னட்டையைப் பார்த்து, திரும்ப வைக்கும் ஒரே ஒரு கை ஒரு மாதத்தைக் கெடுத்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரமும் போனில் முகநூல் வேண்டாம்.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கியதையும், புத்தகத்தைச் சுமந்துபோய் விற்றதையும் இந்த மாதிரிக் கேள்விக்கு யாராவது கட்டாயம் எடுத்துக்காட்டுவார்கள். சாகித்திய அகாதெமி விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது 2001-ல். அவர் மறைந்தது 1998-ல். விருதை நம்பி மனதை அடகுவைக்கக் கூடாது என்பதற்கு அந்த மூன்று வருட இடைவெளி போதும். ஆனால் அதைக் காட்டிப் பட்டினியைப் புனிதமாக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

கொளத்தூர்_மாடி

மூவருக்கும் நன்றி. இரண்டு கணக்கு விஷயத்தை இன்றே தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். பகுதி நேர வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்வது இதையெல்லாம்விட எளிதில்லையா? இன்னொன்று கொஞ்சம் அற்பமானது: "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்டால் என்ன சொல்வது? வீடு பார்க்கப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் இதே கேள்வி.

சைதாப்பேட்டை_ஆத்தங்கரை

அற்பம் இல்ல தோழர், பாதி நிம்மதி அங்கதான் போகுது. எழுதுறவன்னு சொன்னா அடுத்த கேள்வி "சினிமாவுக்கா?" தான். இல்லைன்னதும் ஒரு பரிதாபப் பார்வை. ஆளுக்கு ஏத்த பதில் முன்னாடியே தயாரா வச்சுக்கணும்.

கல்யாண வீட்ல: "மொழிபெயர்ப்பு வேலை, வீட்ல இருந்தே." முடிஞ்சுது. பொய்யும் இல்ல, விளக்கமும் வேணாம். புத்தகம் போட்டிருக்கேன்னு நீங்களா ஆரம்பிச்சா "எனக்கு ஒண்ணு குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போவாங்க, படிக்க மாட்டாங்க, நமக்கு அதுவும் ஒரு புளிப்பு. கேட்டு வாங்குறவங்களுக்கு மட்டும், காசுக்குக் குடுங்க.

வங்கி, அரசுப் படிவத்துல: "சுயதொழில்".

வீட்டுக்காரர்கிட்ட வாய்ப்பேச்சே வேண்டாம், தாளைக் காட்டுங்க. கடைசி இரண்டு வருஷ வருமான வரி ரிட்டர்ன் ஒப்புகை, ஆறு மாத வங்கிக் கணக்கு. மேலே பேரேடு சொன்ன இரண்டாவது கணக்கோட ஸ்டேட்மெண்ட் எடுத்துட்டுப் போங்க. மாசம் தவறாம 1-ம் தேதி 28,000 விழுது, 5-ம் தேதி வாடகை போகுதுன்னு பார்த்தா சம்பளக்காரன் கணக்கு மாதிரியே இருக்கும். வரி வராட்டியும் ரிட்டர்ன் போடச் சொல்றது இதுக்காகவும்தான். சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு அதுதான் சீட்டு. அட்வான்ஸ் பத்து மாசம் கேட்கறது நம்ம ஊர் பழக்கம், ஆனா தமிழ்நாட்டு 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. சட்டம் பேசினா வீடு கிடைக்காதுங்கறதும் நிஜம். அதைச் சொல்லி பத்தை அஞ்சாக்கப் பாருங்க. 9,000 வீட்டுக்கு அது 45,000 மிச்சம், ஒன்றரை மாச சம்பளத்துக்கு மேல.

பகுதி நேர வேலை: எளிதுதான், ஆனா எந்த வேலைன்னு பாருங்க. நாலு மணி நேர வேலைன்னு போய் போக வர மூணு மணி நேரம் ஆச்சுன்னா அது முழு நேர வேலை. கொளத்தூர்ல இருந்து கிண்டிக்குன்னா வேண்டாம். பெரம்பூர், வில்லிவாக்கம்னா யோசிக்கலாம். விளம்பரம், யூடியூப் ஸ்க்ரிப்ட், டப்பிங் வசனம் எடுக்காதீங்க. காசு வரும், ஆனா தினமும் அதே தசையைத்தான் வேலை வாங்குது, சாயங்காலம் உங்களுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது. டியூஷன், மெய்ப்புத் திருத்தம், கணக்கு எழுதுறது, கடையில பில் போடறது எல்லாம் பரவாயில்ல. மாசம் 12,000 நிலையா வந்தாலே விற்க வேண்டிய நாள் பதினஞ்சுல இருந்து ஒன்பதாகும். இதுல மெய்ப்பு சார் ஒத்துக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

வீட்ல மதியம் சத்தம்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிறதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. போட்டித் தேர்வுப் பிள்ளைங்க கூட்டம் அதிகம், காலையிலேயே போனாத்தான் இடம். பொதுப் பிரிவுகளுக்குள்ள நம்ம புத்தகத்தை எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க, தெரியாம தடிமனான அகராதியோட போய் நிக்காதீங்க.

மெய்ப்பு

ஒத்துக்கொள்கிறேன், மெய்ப்புத் திருத்தத்தை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால். அதுவும் அதே கண்ணைத்தான் தின்கிறது. பில் போடுவது மேல்.

கொளத்தூர்_மாடி

சரி, மூன்றாவதைச் சொந்தமாக 100 பிரதி போடுவதாக முடிவு. பிப்ரவரி. வடிவமைப்பை நானே இன்டிசைன் மென்பொருளில் முயன்றேன். வேர்டில் சரியாக இருக்கும் யூனிகோடு உரை அதில் ஒட்டியதும் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறது. "கொ" என்பது க-வுக்குப் பின்னால் கொம்பு போய் உட்கார்ந்திருக்கிறது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பத்துஃபாரம்

மாற்ற வேண்டாம். பழைய எழுத்துருவுக்குப் போனால் பிறகு மின்னூலுக்கு மறுபடி யூனிகோடாக்கும்போது புதுப் பிழை முளைக்கும். எல்லா உரையையும் தேர்ந்தெடுத்து, பத்தி அமைப்பில் கம்போசர் என்ற இடத்தில் "அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்பதைத் தேர்வு செய்யுங்கள், கொம்பு இடத்துக்கு வந்துவிடும். தனித்தனிப் பத்தியில் செய்யாமல் பத்திப் பாணியிலேயே அதை வையுங்கள், இல்லையென்றால் புதிதாக ஒட்டும் ஒவ்வொரு பத்தியிலும் திரும்ப உடையும். பிடிஎஃப் எடுத்தபின் "கொ, கோ, கௌ, ஸ்ரீ" நான்கையும் தேடிப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். அட்டையில் முதுகெழுத்தும் பார்க்க வேண்டும், பலர் உள்ளே சரிசெய்துவிட்டு அட்டைக் கோப்பை மறந்துவிடுவார்கள்.